கழுதை மேஜரும் பேசும் உத்தரவும்

கழுதை மேஜருடைய பெட்டியைத் தூக்க நாலு ஆள் வேண்டும். உள்ளே இருப்பது நாலு சட்டையும் ஒரு கம்பளியும்தான். கனமெல்லாம் வெளியே அடித்த பெயிண்ட்.

ராணுவ அதிகாரிக்கு மாற்றல் வந்தால் முதலில் அசைவது அவர் இல்லை, அவருடைய கறுப்பு இரும்புப் பெட்டி. முகாம் வாசலுக்கு எதிரே இருக்கும் என் கடைக்கு அது வரும். பழைய இடத்தின் மேல் கறுப்பு அடித்து, காய்ந்ததும் புது இடத்தை வெள்ளையில் எழுதித் தருவேன். மற்ற அதிகாரிகளின் பெட்டிக்கு எப்போதோ ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. இவர் பெட்டிக்கோ ஒரு எழுத்து காய்வதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடும். நாட்டில் உள்ள எழுத்துக்காரன் எல்லாம் அதில் கை வைத்திருக்கிறான். ஒரு மூலையைச் சும்மா சுரண்டிப் பார்த்தேன். பாலைவனத்துக்குக் கீழே பனிமலை, பனிமலைக்குக் கீழே சதுப்பு நிலம், அதற்கும் கீழே வேறொரு பாலைவனம். இன்னும் கொஞ்சம் சுரண்டியிருந்தால் தண்ணீரே வந்திருக்கும்.

கழுதை மேஜர் என்பது திட்டு இல்லை. அவர் ராணுவத்தில் மிருக வைத்தியர். வண்டி ஏறாத மலைக்கு அரிசியும் குண்டும் சுமந்து போகும் கோவேறு கழுதைகளுக்குப் பல் பார்த்து, குளம்பு சீவி, வயிற்று வலிக்கு மருந்து ஊற்றுவது அவர் உத்தியோகம். சிப்பாயிடம் "வாடா" என்பவர் கழுதையிடம் "வாங்க" என்பார். அப்படி மரியாதை கொடுத்த கழுதை ஒன்று விட்ட உதையில்தான் அவருடைய இடது முழங்கால் போனது. இத்தனை வருட வேலையில் அவர் வாங்கிய ஒரே காயம் அது; அதுவும் நம் படையைச் சேர்ந்தவரிடமிருந்து. விசாரணை நடந்தபோது, கழுதை மேல் தப்பு இல்லை, நான்தான் சொல்லாமல் பின்னால் போய் நின்றேன் என்று கழுதைக்குச் சாட்சி சொன்னவரும் அவரேதான்.

ஆள் தங்கம். எதிர்த்துப் பேசத் தெரியாது. மேலதிகாரி "இன்னைக்கு ராத்திரிதான் பகல்" என்றால் இவர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வருவார். அவருடைய சம்சாரம் ஒரு நாள் என் கடையில் நின்று சொன்னாள்:

"தூக்கத்துலகூட 'சரி சார்'ங்கிறார் அண்ணே. பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா, 'பிடிச்சிருக்கா மாப்ள'ன்னு கேட்டாரு. இவரு அட்டென்ஷன்ல எந்திரிச்சு நின்னு 'சரி சார்'னாரு. பிடிச்சுத்தான் கட்டினாரா, இல்ல அதையும் உத்தரவுன்னு நினைச்சுட்டாரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

மேஜர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கும் "சரி" என்றுதான் சொல்லியிருப்பார், நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

அவர்களுக்கு ஒரே பெண். ஆறு வயது. பிறவியிலேயே காது மந்தம். காதுக்குப் பின்னால் ஒரு மெஷின் மாட்டியிருந்தார்கள். மெஷின் வைத்த பிறகும் மெல்லிய சத்தம் ஏறாது, அடித்தொண்டைச் சத்தம்தான் ஏறும். அம்மாக்காரியின் குரல் புல்லாங்குழல். அது குழந்தை காதுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி வந்துவிடும். அப்பாவின் குரல் வேறு ஜாதி. மலைக்கு இந்தப் பக்கம் நின்று கழுதையைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. "ஹோ...ய்!" என்றால் அந்தப் பக்கத்துக் கழுதை மட்டும் இல்லை, எதிரி நாட்டுக் கழுதையும் திரும்பிப் பார்க்குமாம். அந்தக் குரல்தான் குழந்தைக்குக் கேட்டது. உலகத்திலேயே அந்த ஒரு குரல்தான் கேட்டது.

இந்த ஊரில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. அங்கே இருந்த டீச்சரம்மா ரொம்பக் கண்டிப்பு. மேஜரையே பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னாராம்: "இவளுக்குப் பேச்சு வரும். நான் பகல்ல சொல்லிக்குடுக்கிறதை நீங்க சாயந்திரம் உங்க குரல்ல திரும்பச் சொல்லணும். ரெண்டு வருஷம் விடாம சொல்லணும். நடுவுல விட்டா நூல் அறுந்துரும். அப்புறம் முடிச்சுப் போட முடியாது."

"சரி மேடம்" என்றார் மேஜர்.

அன்றிலிருந்து சாயந்திரமானால் அதிகாரிகள் குடியிருப்பில் யாருக்கும் ரேடியோ கேட்காது. முழங்கால் மடங்காத காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்காருவார். மகளின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொள்வார். "ப்பா...பால்! ப்பா...படி!" என்று ஆரம்பிப்பார். ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தத் தெரு நாய்கள் எல்லாம் "பால்" சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டன என்று கேள்வி. குழந்தைதான் லேசில் மசியவில்லை. முதலில் அவளுக்கு வந்தது பாலும் இல்லை, படியும் இல்லை. "ஹோய்!" அப்பாவைக் கூப்பிட வேண்டுமென்றால் "ஹோய்!" அவரும் கழுதை மாதிரி ஓடி வருவார்.

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ராணுவத்தில் யாரும் முழு வார்த்தை பேச மாட்டார்கள். எல்லாம் இரண்டு எழுத்து, மூன்று எழுத்து, நடுவில் புள்ளி. மனைவியைக்கூடச் சுருக்கித்தான் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. அந்தச் சுருக்கத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும். தெரியாது என்று ஒப்புக்கொள்வது அங்கே துணி இல்லாமல் பரேடில் நிற்பது மாதிரி. அதனால் தெரிந்தவன் தலையை ஒரு முறை ஆட்டுவான், தெரியாதவன் இரண்டு முறை ஆட்டுவான்.

உத்தரவில் அவரை எல்லைப் பக்கம் ஒரு ஏ.டி. பிரிவுக்குப் போட்டிருந்தது. ஏ.டி. என்றால் அனிமல் டிரான்ஸ்போர்ட், அதாவது கழுதைப் படை. வேறு என்னவாக இருக்கும்? மிருக வைத்தியரை வேறு எங்கே அனுப்புவார்கள்? நானும் நம்பி "ஏ.டி." என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன். வெள்ளை காயட்டும் என்று மேஜர் என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முகம் செத்துப்போய் இருந்தது. இருந்தாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே, அந்த ஏ.டி.க்கு போன் போட்டார். எதிர்முனையில் ஒரு சுபேதார். மேஜருக்கு போனிலும் கழுதைக் குரல்தான். அதற்கு ஈடாக எதிராளியும் கத்தினான்; அவன் பேசுவதும் எனக்கு நன்றாகக் கேட்டது.

"உங்ககிட்ட மொத்தம் எத்தனை இருக்கு?"

"பதினெட்டு சார்."

"எல்லாம் ஆரோக்கியமா இருக்கா?"

"ரெண்டு மட்டும் வேலை செய்யல சார்."

"வேலை செய்யலன்னா? படுத்திருக்கா?"

"இல்ல சார், ஜீப் மேல நிக்குது."

மேஜர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். "அதை எதுக்குய்யா ஜீப் மேல ஏத்தினீங்க?"

"எப்பவும் ஜீப் மேலதான் சார் இருக்கும்."

"அது மிரளாதா? உதைக்காதா?"

"சுடுறப்ப கொஞ்சம் பின்னாடி உதைக்கும் சார்."

"சுடுறப்பவா! நீங்க அதைச் சுடுறீங்களா?"

"இல்ல சார், அதுதான் சுடும்."

மேஜர் என்னைப் பார்த்தார். நான் மேஜரைப் பார்த்தேன். கடைசியாகக் கேட்டார்: "தீனி என்ன போடுறீங்க?"

"டீசல் சார்."

ஏ.டி. என்றால் ஆன்டி டேங்க்காம். எதிரியின் டாங்கி வந்தால் ராக்கெட் விட்டு உடைக்கும் படை. அங்கே கழுதை இல்லை, குதிரை இல்லை, ஒரு பூனைகூட இல்லை. நான் வீட்டில் போய் இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரி சமையலை விட்டுவிட்டுக் கேட்டாள்: "டேங்க்குக்கு எதிராவா? ஏன், தண்ணி டேங்க் அவங்களுக்கு என்ன பண்ணுச்சு?"

மறுநாள் கர்னல் அறை வாசலில் எனக்கு வேலை. மேஜருக்கு மேலதிகாரி அந்தக் கர்னல். அவர் பெயர்ப் பலகையைப் புதுசாக எழுதச் சொல்லியிருந்தார். பதவிக்கு முன்னால் கொஞ்சம் காலி இடம் விடு, பிரிகேடியர் ஆனால் எழுத்து நீளும் என்றும் சொல்லியிருந்தார். அப்படித் தொலைநோக்கு உள்ள மனிதர். மேஜரின் மாற்றல் தாளில் "மிக மிகப் பொருத்தமானவர்" என்று குறிப்பு எழுதி அனுப்பியவரும் அவர்தான். மேஜர் உள்ளே போனார். கதவு திறந்திருந்தது. நான் காதை மூடிக்கொள்ளலாம் என்றால் ஒரு கையில் பிரஷ், ஒரு கையில் டப்பா.

"சார், சின்னதா ஒரு சந்தேகம்."

"ராணுவத்துல சந்தேகம்னு ஒண்ணு கிடையாது மேஜர்."

"அந்த ஏ.டி., கழுதை ஏ.டி. இல்ல சார். டாங்கி ஏ.டி."

உள்ளே தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு கர்னல் தொண்டையைச் செருமினார். "அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"இல்ல சார்."

"மேல இருக்கிறவங்க யோசிக்காமலா போட்டிருப்பாங்க?"

"அங்க ஒரு பிராணிகூட இல்ல சார்."

"இன்னிக்கு இல்ல. நாளைக்கே வந்துருச்சுன்னா? வந்தப்புறம் டாக்டரைத் தேடிக்கிட்டு இருக்கணுமா? தயார் நிலை, தயார் நிலைன்னு சொல்றோமே, அது என்னன்னு நினைச்ச?"

"சார், எம் பொண்ணு விஷயம்..."

"குடும்பத்தை இங்கயே விட்டுட்டுப் போ."

"என் குரல்தான் சார் அவளுக்குக் கேக்குது. நான் இல்லன்னா பேச்சு நின்னுரும்."

"போன்ல பேசு."

"காது கேக்காத பொண்ணு சார்."

"அப்ப லெட்டர் போடு."

"ஆறு வயசு சார். இன்னும் பேசவே வரல, எப்படிப் படிப்பா?"

"மேஜர், நாட்டுக்காக எத்தனையோ பேர் எத்தனையோ தியாகம் பண்றாங்க. நானே வாரத்துல ரெண்டு நாள் கோல்ஃப் விளையாடப் போறதில்ல. நீ கிளம்பு."

நான் கர்னலின் "ல்"லுக்குப் புள்ளி வைக்கப் போன நேரம். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"முடியாது சார்."

பிரஷ் வழுக்கிப் புள்ளி போய்ச் சுவரில் விழுந்தது. அந்த வார்த்தையை மேஜரின் வாய் அதற்கு முன்னால் சொன்னதே இல்லை. சொல்லிவிட்டு அவரே பயந்துபோய், "மன்னிக்கணும் சார், முடியாது சார்" என்று இன்னொரு தடவை மரியாதையாகச் சொன்னார்.

வீட்டுக்குப் போனதும் சம்சாரத்திடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அவள் உள்ளே போய் முகம் கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாளாம். "எங்க கிளம்பிட்ட?" என்று இவர் கேட்க, "வக்கீல் வீட்டுக்கு. 'முடியாது'ன்னு சொல்ல உங்களுக்கு இத்தனை வருஷம் ஆயிருச்சு. மனசு மாறுறதுக்குள்ள அதைக் கோர்ட்டுல பதிவு பண்ணிரணும்" என்றாளாம்.

அவர்களுக்கு வாய்த்தவர் இருமல் வக்கீல். நல்ல மனிதர், சட்டமும் தெரிந்தவர். வாதம் தீர்ந்துபோனால் மட்டும் இருமுவார். எதிர்த் தரப்பு எவ்வளவு பெரிய கேள்வி கேட்டாலும் இவர் இரும ஆரம்பித்தால், பாவம் உடம்பு சரியில்லை என்று நீதிபதி வாய்தா கொடுத்துவிடுவார். அவர் முதலிலேயே கையை விரித்தார். "இங்க பாருங்க, மாற்றல்ங்கிறது உத்தியோகத்தோட கூடப் பிறந்தது. அதுலயும் ராணுவ மாற்றல்னா கோர்ட்டு கையே வைக்காது. விதிக்கு விரோதம்னு காட்டணும், இல்ல கெட்ட எண்ணத்துல போட்டாங்கன்னு காட்டணும்."

"முட்டாள்தனமா போட்டாங்கன்னு காட்டினா?" என்று கேட்டாள் மேஜரம்மா.

"அதுக்குச் சட்டத்துல தடை இல்லீங்களே" என்று வக்கீல் இருமினார்.

எப்படியோ இருமியே ஒரு இடைக்காலத் தடை வாங்கிவிட்டார். வழக்கு முடியும் வரை மேஜரை நகர்த்தக் கூடாது. எனக்குத்தான் தலைவலி. கடையில் நின்ற பெட்டியில் "போகுமிடம்: ஏ.டி." என்று இருக்கிறது. அதை அழித்தால் தடையை மதித்ததாகுமா, மீறியதாகுமா? வக்கீலிடமே கேட்டேன். அவர் இருமினார். கடைசியில் "ஏ.டி."யை மட்டும் கறுப்படித்து, "போகுமிடம்:" என்பதை அப்படியே விட்டு, பெட்டியை மேஜர் வீட்டுக்கு அனுப்பினேன். கூடத்தின் நடுவில் அது உட்கார்ந்துகொண்டது. கறுப்பு மூடி, கரும்பலகை மாதிரி. குழந்தை சாக்பீஸை எடுத்துக்கொண்டு அதில்தான் எழுதிப் பழகும். அப்பா கத்துவார், அவள் எழுதுவாள், பிறகு வாயைக் கோணி முயற்சி செய்வாள். பால் வந்தது. படி வந்தது, ஆனால் அவளுக்கு "ட" வராது, "பதி" என்றுதான் வந்தது. டீச்சரம்மா "அது கடைசியாத்தான் வரும், பொறுங்க" என்றாராம்.

ராணுவம் பொறுக்குமா? கோர்ட்டுக்குப் போன அதிகாரி என்றால் அம்மை போட்ட வீடு மாதிரி. எதிரே வருகிறவர்கள் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனார்கள். மெஸ்ஸில் அவர் உட்கார்ந்த மேஜைக்கு டீ வருவதற்குள் ஆடை கட்டிவிடும். கர்னல் அவரைச் சும்மா விடவில்லை. பரேடு மைதானத்துப் புல்லின் உயரத்தை அளக்கச் சொன்னார். அளந்தார். மெஸ் சமையலறையில் எறும்பு வருகிறது, எறும்பும் பிராணிதானே, மருத்துவ அறிக்கை கொடு என்றார். மேஜர் பூதக்கண்ணாடியோடு குனிந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எறும்புகள் நல்ல ஆரோக்கியத்துடன் உள்ளன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருக்கு நக்கல் தெரியாது. உண்மையாகவே பார்த்தார் என்பதுதான் இதில் விசேஷம். பதவி உயர்வுப் பட்டியலில் இருந்து அவர் பெயர் காணாமல் போனதும் அந்தச் சமயத்தில்தான்.

இதில் வேடிக்கை, பகலில் சாலையைக் கடந்து போன அதே அதிகாரிகள் ஒவ்வொருவராக என் கடைக்கு வந்து, பெட்டிக்கு எழுத்து எழுத வந்த மாதிரி நின்றுவிட்டு, "அந்த இருமல் வக்கீல் வீடு எங்க இருக்கு?" என்று விசாரித்தார்கள். எல்லோரும் கோர்ட்டுக்குப் போனால் என் பிரஷ் காய்ந்துவிடுமே என்று நான் மட்டும் வழியை மாற்றி மாற்றிச் சொல்லி அனுப்பினேன்.

கடைசி விசாரணைக்கு நான் கடையை மூடிவிட்டுப் போனேன். அன்று பள்ளிக்கூடம் லீவு. மேஜரம்மா குழந்தையையும் கூட்டிக்கொண்டு பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். மேஜர் முன்னால் சீருடையில் விறைத்துக்கொண்டு நின்றார். நீதிபதி ஒரு அம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு மனுவைப் புரட்டினார்.

"மனுதாரர் மிருக வைத்தியர். போட்டிருக்கிற இடம் டாங்கி எதிர்ப்புப் படை. அங்க இவருக்கு என்ன வேலை?"

அரசு வக்கீல் எழுந்தார். "அவசரத் தேவை, யுவர் ஹானர்."

"என்ன தேவை?"

"அது ராணுவ ரகசியம்."

"எந்தப் பிராணிக்கு வைத்தியம் பார்க்கணும்கிறதுமா ரகசியம்?"

"பிராணியோட பேரை வெளியில சொன்னா எதிரி உஷாராயிருவான்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சிரிப்பை மறைக்கவா, தலைவலியா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அமைதியில்தான் பின் பெஞ்சில் இருந்து வெடித்தது:

"ஹோ...ய்!"

கோர்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்பது குழந்தைக்குப் பொறுக்கவில்லை. கோர்ட்டில் கத்தக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சொல்லக் கூடிய ஒரே ஆள் முன்னால் அட்டென்ஷனில் நின்றுகொண்டிருந்தார். டவாலி கோபமாக ஓடி வந்தான்.

"யாரும்மா அது?" என்றார் நீதிபதி.

மேஜர் வாய் திறந்தார். "எம் பொண்ணுங்கம்மா. என்னைத்தான் கூப்பிடுறா."

"ஹோய்னா?"

"நான் கழுதைங்களை அப்படித்தாங்க கூப்பிடுவேன். அவ காதுல முதல்ல ஏறினது அதுதான். அம்மா கூப்பிட்டா அவளுக்குக் கேக்காது. நான் கூப்பிட்டா மட்டும் கேக்கும். இன்னும் ஒரு வருஷம் நான் பக்கத்துல இருந்தா மத்த வார்த்தையும் வந்துரும்னு டீச்சர் சொல்றாங்க. அதுக்கப்புறம் எங்க வேணும்னாலும் போறேங்க. டாங்கிக்கு ஊசி போடணும்னாலும் போடுறேன்."

அரசு வக்கீல் இதற்கு ஆட்சேபம் சொல்ல எழுந்தவர், குழந்தையைத் திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நம் வக்கீல் இருமினார். இந்தத் தடவை அது வாதம் தீர்ந்த இருமல் மாதிரி இல்லை.

நீதிபதி தீர்ப்பு சொன்னார். ராணுவ மாற்றலில் கோர்ட் தலையிடாது, யாரை எங்கே போடுவது என்பது அவர்கள் பாடு. ஆனால் மனுதாரரின் குறையைப் பரிசீலித்து, ராணுவம் இரண்டு மாதத்துக்குள் ஒரு "பேசும் உத்தரவு" போட வேண்டும். அதுவரை அவரை நகர்த்தக் கூடாது.

வெளியே வந்ததும் மேஜரம்மா வக்கீலைப் பிடித்துக்கொண்டாள். "அதென்ன சார் பேசும் உத்தரவு? எம் பொண்ணே இன்னும் முழுசாப் பேசல, காயிதம் எப்படிப் பேசும்?"

"காரணம் சொல்ற உத்தரவும்மா. சும்மா 'மாத்தியாச்சு, போ'ன்னு சொன்னா அது ஊமை உத்தரவு. ஏன் மாத்தினோம்னு விளக்கமா எழுதணும். அதுதான் பேசும் உத்தரவு."

"அவ்வளவுதானா? நாம தோத்துட்டோமா, ஜெயிச்சோமா?"

வக்கீல் இருமினார்.

எனக்கும் அப்போது தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது, அந்த நீதிபதி அம்மா ராணுவத்தை எந்த இடத்தில் கிள்ளினார் என்று. காரணம் எழுத வேண்டுமென்றால் ஏ.டி. என்பதை விரித்து எழுத வேண்டும். விரித்து எழுதினால் தப்பு நடந்தது தெரிந்துவிடும். தப்பு நடந்தது என்று எழுத ராணுவத்தில் இதுவரை பேனா கண்டுபிடிக்கப்படவில்லை. கோப்பு கர்னலிடம் வந்தது; அவர் இரண்டு முறை தலையாட்டி மேலே அனுப்பினார். மேலே இருந்தவர் மூன்று முறை தலையாட்டி அதற்கும் மேலே அனுப்பினார். கால்பந்து விளையாட்டில்கூடப் பந்து அவ்வளவு உதை வாங்கியிருக்காது. எல்லைக்கு அனுப்ப வேண்டிய ராக்கெட்டையே ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு எல்லோரும் இதற்குக் காரணம் யோசித்ததாகச் சொல்கிறார்கள். சொன்னது நான்தான்.

அந்த இரண்டு மாதமும் கழுதை மேஜர் வீட்டில் ஒருத்தரும் சரியாகச் சாப்பிடவில்லை. மேஜர் மட்டும் ஒரு வேலை செய்தார். முன்பு சாயந்திரம் மட்டும் உட்கார்ந்தவர், இப்போது காலையிலும் உட்கார்ந்தார். போக நேர்ந்தால் போவதற்குள் எவ்வளவு வார்த்தை ஏற்ற முடியுமோ அவ்வளவையும் ஏற்றிவிட வேண்டும் என்று, மலைக்குக் கிளம்பும் கழுதை மேல் மூட்டை ஏற்றுவது மாதிரி ஏற்றினார். "ஜன்னல்! செருப்பு! சூரியன்!" ஒரு நாள் நான் போனபோது அவருக்குத் தொண்டை கட்டி, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கொஞ்சம் ஓய்வு குடுங்க சார்" என்றேன். "இது போயிருச்சுன்னா அவளுக்கு என்ன கேக்கும் எழுத்தாளரே?" என்று கேட்டுவிட்டு, வெந்நீர் குடித்துவிட்டு, மறுபடி "ஜன்னல்" என்றார். பெட்டிக்கு எழுத்து எழுதுகிறவன் என்பதால் என்னை அவர் எழுத்தாளரே என்றுதான் கூப்பிடுவார். நானும் அதற்கு மறுப்புச் சொன்னதில்லை.

கடைசி நாள் மாலை பேசும் உத்தரவு வந்தது. மேஜர் தாளை வாங்கி, நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். பிறகு மனைவியிடம் கொடுத்தார். அவள் என்னிடம் கொடுத்தாள். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

மேற்படி அதிகாரியை அனுப்ப இருந்த படைப்பிரிவில் உள்ள பிராணிகள் அனைத்தும் இடைப்பட்ட காலத்தில் பூரண குணமடைந்துவிட்டபடியால், அங்கே மருத்துவருக்கான தேவை எழவில்லை. ஆகவே மாற்றல் ரத்து செய்யப்படுகிறது. இன்னும் இரண்டு வருடங்களுக்கு அவர் தற்போதைய இடத்திலேயே தொடர்வார்.

"டீசல் குடிச்சே குணமாயிருச்சு போல" என்றேன்.

மேஜரம்மா சிரிக்க ஆரம்பித்தவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். மேஜர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் யாரும் இல்லாத வாசலைப் பார்த்து "சரி சார்" என்றார்.

பிறகு பெட்டி ஞாபகம் வந்தது. "அந்தப் 'போகுமிடம்' காலியாவே நிக்குது எழுத்தாளரே. பாக்கிறப்பல்லாம் மறுபடி உத்தரவு வந்துரும் போல இருக்கு. எதையாவது எழுதி முடிச்சு விடுங்க."

"என்ன சார் எழுத? எங்கயும்தான் போகலியே."

அவர் மகளிடம் திரும்பினார். அவள் கையைத் தன் தொண்டையில் வைத்து, பெட்டியைக் காட்டி, "நாம எங்க போறோம்?" என்று கேட்டார். குழந்தை பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயைக் கோணினாள். மூச்சை இழுத்துக்கொண்டு, அப்பா சொல்லிக் கொடுக்காத நேரத்தில், தானாகச் சொன்னாள்:

"வீது."

"ட" இன்னும் வரவில்லை. வராவிட்டால் என்ன? சொன்னவர் சொன்னபடி எழுதுவதுதானே என் தொழில். கையும் பழக்கத்தை விடவில்லை. ராணுவப் பெட்டியில் ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் புள்ளி வைத்தே பழகிய கை. "போகுமிடம்: வீ.து." என்று எழுதி முடித்தேன்.

அடுத்த மாதம் அந்த எழுத்துக்கு இரண்டாவது கோட் அடிக்க நான் மேஜர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அதிகாரிகள் குடியிருப்பைப் பார்வையிட பிரிகேடியர் வந்தார். யார் என்றால், நம்ம பழைய கர்னல்தான். மேஜரின் பெயர் காணாமல் போன பட்டியலில் அவர் பெயர் பத்திரமாக இருந்திருக்கிறது. பலகையில் விட்டு வைத்த இடம் வீண் போகவில்லை. கூடத்துக்குள் வந்தவர் பெட்டியின் முன்னால் நின்றார். குனிந்து படித்தார். "வீ.து." முகத்தில் ஒரு கணம் இருட்டு. பக்கத்தில் நின்ற உதவி அதிகாரியைப் பார்த்தார். அவன் உடனே தெரிந்தவன் மாதிரி ஒரு முறை தலையாட்டினான். பிரிகேடியர் இரண்டு முறை தலையாட்டினார்.

"வீ.து.வா? ரொம்பக் கஷ்டமான யூனிட் ஆச்சே. நானே அதுக்குப் பக்கத்துலதான் ரெண்டு வருஷம் இருந்தேன்."

மேஜர் வாயைத் திறந்தார். மேஜரம்மா அவர் காலை நன்றாக மிதித்தாள், அந்த உதை வாங்கிய காலைத்தான்.

"ஆமா சார்" என்றாள் அவள். "அங்க போஸ்டிங் கிடைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல. கோர்ட்டு வரைக்கும் போக வேண்டியிருக்கு."